ஏழாவது சொல்

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை
அந்தோஃபகாஸ்தாவில், மலைப் பக்கம் ஏறும் தெருவொன்றில்,
இரண்டாம் மாடி அறையில்
என் மூளையை எடை போடுகிறார்கள்.

எடை எனக்குப் புதிதல்ல.
துறைமுக எடைமேடையில் பதினொரு வருடம் இருந்தவள்.
உப்புப் பாலையிலிருந்து இறங்கும் லாரி
வளைவில் மூக்கை நீட்டும்போதே எண்ணைச் சொல்வேன்;
போன செவ்வாய் வந்தாய், முந்நூறு கிலோ குறைவாக, என்பேன்.
ஓட்டுநர்கள் என்னைக் கூப்பிட்டது
நோட்டுப்புத்தகம் என்று.

அப்புறம் அந்த மார்ச்.
ஒன்பது நாள் தூக்கமில்லை.
லாரி எண்கள் எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியம் என்று புரிந்தது.
படுக்கையறைச் சுவர் முழுக்கக் கரியால் எழுதினேன்.
குளிர்பெட்டியை விற்று
இன்னும் கரி வாங்கினேன்.
அவ்வளவு தெளிவாக நான் யோசித்ததே இல்லை;
இதை மட்டும் மருத்துவரிடம் சொல்லவில்லை.

ஜூலையில்
கெட்டிலில் தண்ணீர் கொதித்தது.
பார்த்துக்கொண்டே நின்றேன்,
தேநீருக்கு அடுத்த படி என்னவென்று தெரியாமல்.

மாத்திரை வெள்ளை. லித்தியம்.
நான் நிறுத்து அனுப்பிய அதே உப்பு
கப்பலேறிப் போய், பெட்டிக்குள் அடைந்து,
விலை கூடித் திரும்பியிருக்கிறது.
இதில் ஒரு கவிதை இருக்கிறது என்றாள் சோதனை எடுக்கும் ஓரியானா.
கை நடுக்கம் இருக்கிறது என்றேன்.

பன்னிரண்டு சொல் வாசிப்பாள், திருப்பிச் சொல்ல வேண்டும்.
எண், எழுத்து, எண், எழுத்து என்று
பென்சிலைத் தூக்காமல் கோடிழுக்க வேண்டும்.
அவள் கட்டைவிரலுக்குக் கீழே கடிகாரம் துடிக்கும்.

முப்பத்துநாலு வயதில் ஒன்பது சொல்.
முப்பத்தொன்பதில் எட்டு.
அன்று நடைபாதையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்:
ஐந்து வருடத்துக்கு ஒரு சொல் என்றால்
எழுபத்தொன்பதில் சுழியம்.
கணக்கு சரியாக வந்தது. கழித்தல் மறக்கவில்லை.
அழுகையோடு அதையும் குறித்துக்கொண்டேன்.

ஒப்பிட ஒரு நலமான உடன்பிறப்பு வேண்டும் என்றார்கள்.
நிகனோர் வந்தான்.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறான்.
நலமானவன் என்று அவனைப் பற்றி யாரும்
காகிதத்தில் எழுதியதில்லை; அந்த ஆசை ஒன்று.
பேருந்துக் காசும் சாண்ட்விச்சும் உண்டு.

இது நாலாவது தடவை.
விதியை மீறி ஓரியானா திரையை என் பக்கம் திருப்பினாள்.
இரண்டு கோடு.
மேலே அவன். கீழே நான்.
இரண்டும் ஒரே மாதிரி, மெதுவாக, இறங்குகின்றன.
"மற்றவர்களுக்கு எப்படியோ,
உங்கள் இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி
பதினைந்து வருடமாக அப்படியே இருக்கிறது.
இது நோய் இல்லை. இதற்குப் பெயர்..."
அவளே ஒரு நொடி தேடினாள்.
"வயது," என்றாள்.

நன்றி சொன்னேன். சந்தோஷம்தான்.
ஆனால் இரண்டு கோட்டுக்கும் நடுவே
அந்த விரற்கடை வெள்ளையில்
என் லாரிகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன,
எண்பலகை இல்லாமல்.
அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மீன் சந்தைக்கு நடந்தோம்.
படித்துறையில் கடற்சிங்கங்கள்
ஈரச் சோபாக்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.
நிகனோர் சாண்ட்விச்சைக் கடிக்காமல் வைத்திருந்தான்.
"எலுமிச்சைக்கு அடுத்தது என்ன? ஏழாவது?
நாக்கு நுனியில் நிற்கிறது."

அறையில் எனக்கும் வரவில்லை.
இப்போது வந்துவிட்டது,
குறித்துக்கொள்ள யாருமில்லாத இடத்தில்.

"யோசி," என்றேன்.
பேருந்து வரை யோசித்தான். பேருந்திலும்.
அவன் நிறுத்தம் வந்தது,
இறங்கினான், கண்ணாடியைத் தட்டி
உள்ளங்கையை விரித்துக் கேட்டான்.

நான் சொல்லவில்லை.